மேயருக்கு எத்தனை மார்க்? – வாசகர் கேள்வி பதில்

மதுரை மாநகராட்சியின் நகரச் சீரமைப்புப் பணிகளையும், தொழில் மந்தமான காலத்தில் அவற்றை எப்படி மதிப்பிடுவது என்பதையும் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. உள்ளாட்சிக் கணக்கும் கட்டுமானப் பொறியியலும் அறிந்த இருவர் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: பெரியார் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டினார்கள், மாசி வீதிகளைத் தோண்டினார்கள், தமுக்கத்தில் மாநாட்டு மண்டபம் எழுப்பினார்கள். பணமதிப்பிழப்பு, ஜி.எஸ்.டி., கொரோனா என்று நாங்கள் படுத்துக் கிடந்த காலத்தில்தான் இதெல்லாம் நடந்தது. இதற்கெல்லாம் மேயருக்கு எத்தனை மார்க் போடலாம்?
– கைலி வியாபாரி, செல்லூர்

மார்க் போடும் முன் யாருடைய விடைத்தாள் என்று பார்த்துவிடுவோம். நீங்கள் சொல்கிற காலத்தின் பெரும்பகுதியில் மதுரைக்கு மேயரே கிடையாது. 2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோனது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. மார்ச் 4-ல் கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேல் தனி அலுவலர் ஆட்சி. மன்றம் போடவேண்டிய தீர்மானத்தை அதிகாரியே போட்டு, அவரே நிறைவேற்றிய காலம் அது.

நீங்கள் சொன்ன பணிகள் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வந்தவை. அந்தப் பட்டியலில் மதுரை சேர்ந்தது 2016 செப்டம்பரில். மத்திய அரசு 500 கோடி, அதற்கு இணையாக மாநிலத் தரப்பில் 500 கோடி என்பது திட்டத்தின் அமைப்பு. அந்தப் பணம் மாநகராட்சியின் பொதுக் கணக்குக்குள் வரவில்லை. மாநில அரசும் மாநகராட்சியும் பாதிக்குப் பாதி பங்கு வைத்த தனி நிறுவனம் வழியாகச் செலவானது. ஆக, எதைக் கட்டுவது, எங்கே கட்டுவது, எவ்வளவுக்கு என்கிற மூன்று பெரிய முடிவுகளும் மக்கள் வாக்களித்த மன்றம் இல்லாதபோதே எடுக்கப்பட்டுவிட்டன.

அதனால் ஒவ்வொரு பணிக்கும் நான்கு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நிர்வாக அனுமதி கிடைத்த நாள், ஒர்க் ஆர்டர் கொடுத்த நாள், பணி முடிந்ததாகச் சான்று கொடுத்த நாள், கடைசி பில் பட்டுவாடா ஆன நாள். திறப்பு விழா நாள் இந்தப் பட்டியலில் இல்லை. கல்வெட்டில் இருக்கும் தேதி அது ஒன்றுதான். கணக்குக்கு உதவாத தேதியும் அதுதான். முதல் இரண்டு தேதியும் 2022 மார்ச்சுக்கு முன்னால் என்றால், அந்தக் கட்டடம் அழகாக இருந்தாலும் கோணலாக இருந்தாலும் பாராட்டோ பழியோ பின்னால் வந்த மேயருக்குச் சேராது. மூன்றாவது தேதி ஏன் தள்ளிப்போனது, கட்டிய பிறகு அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதற்கு மட்டும் அவரைக் கேட்கலாம். பராமரிப்புச் செலவு, கடை வாடகை, லிப்ட் ஓடுகிறதா, கழிப்பறை திறந்திருக்கிறதா – இவைதான் அவருடைய பாடம்.

இன்னொன்று. நம் சட்டப்படி மாநகராட்சியின் நிர்வாக அதிகாரம் ஆணையர் கையில். மேயர் மன்றத்தை நடத்துகிறார். அஜெண்டாவில் எது வருகிறது, எது ஒத்திவைக்கப்படுகிறது என்பதில் அவர் சொல் எடுபடும். பட்ஜெட், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட டெண்டர், வாடகை நிர்ணயம், வரித் தீர்மானம் இவற்றுக்கெல்லாம் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். மதிப்பெண்ணை அங்கே தேடுங்கள். கான்கிரீட் கலவை சரியில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது பொறியாளரை. அதே ஒப்பந்ததாரருக்கு அடுத்த மாதமும் மன்றம் பணி கொடுத்தால் அப்போது மேயரைக் கேளுங்கள்.

கேள்வி: "உபரி பட்ஜெட்" என்று பத்திரிகையில் வருகிறது. வருமானம் குறைந்த காலத்திலும் உபரி என்றால் நல்ல நிர்வாகம்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வில்லாபுரம்

பட்ஜெட் அன்று வரும் உபரியை நம்பாதீர்கள். அது வரப்போகும் ஆண்டின் ஆசை. பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே மூன்று தொகை இருக்கும்: முடிந்த ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, அடுத்த ஆண்டின் மதிப்பீடு. பார்க்க வேண்டியது முதலாவதை. இரண்டு ஆண்டுக்கு முந்தைய புத்தகத்தை எடுத்து, அன்று போட்ட மதிப்பீட்டை இன்று வந்திருக்கும் உண்மைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். "சீரமைப்புக்கு 100" என்று அறிவித்து 35 செலவழித்திருந்தால், மிச்சம் 65 உபரியாகத் தெரியும். அது சிக்கனம் இல்லை, நடக்காத வேலை.

தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் கணக்கு மூன்று நிதிகளாகப் பிரிந்திருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. மந்த காலத்தில் வழக்கமாக நடப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்று. கல்வி நிதியில் சேர்ந்த பணத்தை எடுத்துச் சம்பளம் போடுவார்கள்; திருப்பி வைப்பது அடுத்த மேயர் தலையில் விழும். நிதிகளுக்கிடையிலான நிலுவை என்று ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) ஒரு இனம் இருக்கும். அது ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது கொடுக்கப்படாத பில்கள். ஒப்பந்ததாரர் பாக்கி, மின்கட்டண பாக்கி, குடிநீர் வடிகால் வாரியத்துக்கான பாக்கி, ஓய்வூதியப் பங்குத் தொகை. இந்த நான்கையும் கட்டாமல் வைத்தால் எந்த மாநகராட்சியும் உபரி காட்டலாம்.

வரி வசூலுக்கு வருவோம். கேட்பு (கட்டச் சொல்லி விதித்த வரி), வசூல், நிலுவை என்று ஒரு பட்டியல் உண்டு, அலுவலகத்தில் டி.சி.பி. என்பார்கள். அதைப் படிக்க ஒரு கற்பனைக் கணக்கு. பழைய நிலுவை 60, இந்த ஆண்டுக் கேட்பு 100, ஆக மொத்தம் 160. வசூல் 100. மீதி 60. அடுத்த ஆண்டு வரி உயர்ந்து கேட்பு 150 ஆகிறது, வசூல் 120. "வரி வசூல் 20 சதவீதம் உயர்வு" என்ற செய்தி பொய்யில்லை. ஆனால் 60-ம் 150-ம் சேர்ந்த 210-ல் 120 போக நிலுவை 90. வசூல் திறன் 62.5 சதவீதத்திலிருந்து 57-க்கு இறங்கியிருக்கிறது. பணம் கூடியது வரி விகிதம் ஏறியதால். பில் கலெக்டர்களின் வேலை முன்பைவிட மோசம். வரி உயர்வு வந்த ஆண்டை மேயரின் சாதனையாகவோ வேதனையாகவோ எழுதும் முன் இந்தக் கழித்தலைச் செய்துவிடுங்கள்.

சில ஆண்டு இடைவெளியில் ரூபாயை ரூபாயோடு ஒப்பிடுவதும் தப்பு. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 100 கோடி என்பது ஐந்தாண்டில் 128 கோடிக்குச் சமம். "முந்தைய நிர்வாகத்தைவிட 20 கோடி கூடுதல்" என்பது அப்போது குறைவுதான்.

கேள்வி: கொரோனாவிலிருந்து எழுந்திருக்கும்போதே சொத்து வரியை ஏற்றிவிட்டார்களே. இது மேயர் செய்ததா?
– வாசகர், எஸ்.எஸ். காலனி

விகிதத்தை முடிவு செய்தது மாநில அரசு. 2022 ஏப்ரலில் மதுரை உள்ளிட்ட மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்ந்தது. வணிகக் கட்டடத்துக்கு 100. சொத்து வரியைச் சீரமைத்தால்தான் மத்திய மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனையும் இதன் பின்னால் இருந்தது. மேயர் பதவியேற்று ஒரு மாதம்கூட முடியாத நேரம்.

மேயரைக் கேட்க வேண்டியது விகிதத்தை அல்ல, மதிப்பீட்டை. பெரிய வணிகக் கட்டடம் வீடு என்று பதிவாகியிருக்கிறதா, நான்கு மாடி இரண்டு மாடியாகக் கணினியில் நிற்கிறதா? 2025-ல் மதுரையில் வரி மதிப்பீட்டைக் குறைத்துப் பதிந்ததாக எழுந்த வழக்கும் மண்டலத் தலைவர்கள் பதவி விலகியதும் நினைவிருக்கும். வழக்கு அதன் வழியில் போகட்டும். மந்த காலத்தில் சின்ன வீட்டுக்காரர் 1,200 ரூபாய்க்காகப் படியேறும்போது பெரிய கட்டடம் தப்பித்தால், அந்த மன்றம் எத்தனை பூங்கா திறந்தாலும் எங்கள் கணக்கில் தேறாது. உங்கள் ரசீதில் பரப்பு, பயன்பாடு, தெருவின் மண்டல வகை மூன்றும் சரியா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: மாநகராட்சி கட்டிய வணிக வளாகங்களில் பாதிக் கடை பூட்டிக் கிடக்கிறது. வியாபாரம் மந்தம், நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள். உண்மையா?
– பாத்திரக் கடைக்காரர், தெற்கு மாசி வீதி

பாதி உண்மை. மீதிக்குக் காரணம் குறைந்தபட்ச வாடகை. ஏலம் விடும் முன் ஒரு தொகையை நிர்ணயிக்கிறார்கள். அதற்குக் கீழே கேட்க முடியாது. வியாபாரம் சூடாக இருந்தபோது பக்கத்துத் தெரு வாடகையைப் பார்த்துப் போட்ட தொகை, மந்தம் வந்த பிறகும் அப்படியே நிற்கும். கேட்க ஆள் வரமாட்டார். வந்தவரும் போட்டியில் ஏற்றிக் கேட்டுவிட்டு ஆறே மாதத்தில் பாக்கி வைப்பார்.

உதாரணத்துக்கு நூறு கடை. வாடகை 10,000 என்று வைத்தால் 45 கடை போகிறது. மாதம் நாலரை லட்சம். 6,000 என்று இறக்கினால் 90 கடை போகிறது. ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். இரண்டாவதில் வளாகத்துக்குள் ஆள் நடமாட்டமும் வரும். அதுதான் அடுத்த ஏலத்தில் விலையை ஏற்றும். காலியான தளத்துக்கும் விளக்கு, காவலாளி, லிப்ட் பராமரிப்பு என்று செலவு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இவ்வளவு எளிய கணக்கு ஏன் நடப்பதில்லை? குறைத்த அதிகாரிமேல் நாளை "மாநகராட்சிக்கு வருவாய் இழப்பு" என்று தணிக்கைத் தடை (தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபம்) வரும். பூட்டி வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். இந்த பயத்தைப் போக்குவது மன்றத்தின் வேலை. இத்தனை முறை ஏலம் விட்டும் கேட்பாரில்லை, ஆகவே இந்த அளவு குறைக்கிறோம் என்று காரணத்தோடு தீர்மானம் போட்டால் அதிகாரிக்குக் கவசம் கிடைக்கும். மந்த காலத்து மேயரின் துணிச்சலை இந்த மாதிரித் தீர்மானங்களில்தான் நாங்கள் தேடுவோம்.

வாடகை மட்டுமே பிரச்சினையும் இல்லை. மீனாட்சி அம்மன் கோயிலின் புது மண்டபத்துக்குள் இருந்த தையல், புத்தக, வளையல் கடைகளை மாநகராட்சியின் குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றியதை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தைக் காப்பாற்ற அது தேவையான காரியம்தான். தூரமும் அதிகமில்லை. ஆனால் புது மண்டபம் கீழக் கோபுரத்துக்கு நேர் எதிரே. கோயிலுக்கு வருகிறவர் கால் தானாக உள்ளே நுழையும். மாடிப்படி ஏறி வரவேண்டிய கடைக்கு அந்தக் கால் வராது. மாற்றுக் கடை கொடுத்தாயிற்று என்று கோப்பை மூடுவதும், மாற்றிய பிறகு எத்தனை பேர் வாடகை கட்டித் தொடர்கிறார்கள் என்று ஆண்டுதோறும் எண்ணுவதும் வேறு வேறு. நீங்கள் கேட்க வேண்டிய எண்கள்: கட்டிய கடை, ஏலம் போன கடை, இன்று வாடகை பாக்கியில்லாத கடை. இவை மூன்றும் சேர்ந்தால்தான் படம் தெரியும்.

கேள்வி: எங்கள் பகுதி 2011-ல் மாநகராட்சியில் சேர்ந்தது. பாதாள சாக்கடைக்குத் தோண்டிய குழியை மூடியும் ரோடு இல்லை. மாசி வீதியில் மட்டும் கல் பதிக்கிறார்கள். இது ஓரவஞ்சனை இல்லையா?
– வாசகி, அவனியாபுரம்

ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் பெரும்பகுதிப் பணம் தேர்ந்தெடுத்த ஒரு பகுதிக்குள்தான் செலவாக வேண்டியிருந்தது. மதுரையில் அது கோயிலைச் சுற்றிய பழைய நகரம். அதை அவனியாபுரத்துக்கோ ஆனையூருக்கோ திருப்ப எந்த மேயராலும் முடிந்திருக்காது. ஆனால் மாநகராட்சியின் சொந்த நிதி, மாநில நிதிப் பகிர்வு, நிதிக்குழு மானியம் இவற்றில் நூறு வார்டுகளுக்கும் எப்படிப் பங்கு போட்டார்கள் என்பது மன்றத்தின் பொறுப்பு. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்தொகுதிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு காற்றுத் தரத்துக்கு, மீதி குடிநீர், கழிவு மேலாண்மைக்கு என்று கட்டியே கொடுத்துவிட்டார்கள். மதுரையும் அதில் வரும். அதையும் கழித்துவிட்டு, மீதியில் வார்டு வாரியாகப் பார்க்க வேண்டும்.

ரோட்டுக்கு வருகிறோம். குழாய் பதித்த குழியை எடுத்த மண்ணால் ஒரே மூச்சில் நிரப்பி, மேலே ஜல்லி கொட்டினால் முதல் ஐப்பசி மழையில் உள்வாங்கும். 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை ஒரு அடுக்கு போட்டு, தண்ணீர் விட்டு, இயந்திரத்தால் இடித்து, பிறகு அடுத்த அடுக்கு. வேலை தாமதமாகும், கூலி கூடும், அதனால் தவிர்க்கிறார்கள். மேன்ஹோல் மூடி ரோட்டு மட்டத்துக்கு மேலே துருத்தினாலோ கீழே அமுங்கினாலோ, ரோடு போட்டவரும் குழாய் போட்டவரும் வேறு வேறு ஒப்பந்ததாரர், இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

வரிசை இதுதான்: பாதாள சாக்கடை, வீட்டு இணைப்பு, குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின்கேபிள், கடைசியில் ரோட்டின் மேல்தளம். லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டத்துக்கு நகரம் முழுக்கப் பகிர்மானக் குழாய் வரும் என்பது முன்பே தெரிந்த செய்தி. அது தெரிந்தும் ஒரு தெருவுக்கு முதலில் மேல்தளம் போட்டு, பிறகு குழாய்க்கு உடைத்திருந்தால், அந்த இரண்டு ஒர்க் ஆர்டர் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே யார் பிழை என்று விளங்கிவிடும். மந்த காலத்தில் இரட்டைச் செலவைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

பேவர் பிளாக் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.எஸ். 15658 தரப்படி, லேசான போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர், நடுத்தரத்துக்கு 80, கனரகத்துக்கு 100. சரக்கு லாரி வந்து நிற்கும் தெருவில் 60 பதித்தால் உடையும். ஒரு கல்லைப் பெயர்த்து அளவுகோல் வைத்துப் பார்ப்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம் (பெயர்ந்து கிடக்கும் கல்லாகப் பார்த்து அளவெடுங்கள்; நீங்களே பெயர்க்காதீர்கள்!).

கேள்வி: பணம் இல்லாத காலத்தில் கட்டுமானத்தை நிறுத்துவது சரியா, கடன் வாங்கித் தொடர்வது சரியா?
– பட்டயக் கணக்காளர் மாணவர், அண்ணா நகர்

பாதியில் நிற்கும் கட்டடம் சும்மா நிற்பதில்லை. தூணின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். ஒப்பந்ததாரர் விலகினால் மறு டெண்டர், புதிய விலைப் பட்டியல், புதிய மதிப்பீடு. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்காது. அதனால் முக்கால் பங்கு முடிந்ததை எப்பாடுபட்டும் முடித்துவிட வேண்டும். அஸ்திவாரம்கூடப் போடாததைத் தள்ளிவைக்க வேண்டும். நடுவில் நிற்பவைதான் தலைவலி. அங்கே ஒரு கேள்வி: முடித்தால் ஆண்டுக்கு வருமானம் கூடுமா, பராமரிப்புச் செலவு கூடுமா? வணிக வளாகம் முதல் வகை என்பார்கள், மேலே சொன்னபடி அது நிச்சயமில்லை. பூங்கா, நீரூற்று, அலங்கார விளக்கு இரண்டாம் வகை. குடிநீர்க் கசிவை அடைப்பது செலவைக் குறைப்பது. அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பதால் மேயர்களுக்குப் பிடிப்பதில்லை.

கடனில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல. ஆண்டுதோறும் கட்டவேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்து மாநகராட்சியின் சொந்த வருவாயில் எத்தனை பங்கு என்பதுதான் விஷயம். மத்திய அரசின் நகரக் குடிநீர், கழிவுநீர்த் திட்டமான அம்ருத்தின் முதல் கட்டத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நகரங்களுக்கு மத்திய பங்கு மூன்றில் ஒன்றுதான். இரண்டாம் கட்டத்தில் நான்கில் ஒன்று. மிச்சத்தை மாநிலமும் மாநகராட்சியும் போட வேண்டும். "மத்திய அரசுத் திட்டம், நமக்குச் செலவில்லை" என்று மேடையில் சொன்னால், மாநகராட்சியின் பங்குத்தொகை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

மந்தத்தையே சாக்காகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: கோவை, திருச்சி, சேலம், நெல்லை. அதே மாநில அரசு, அதே ஜி.எஸ்.டி., அதே ஊரடங்கு. அங்கெல்லாம் வசூல் திறன் எவ்வளவு விழுந்தது, நம் ஊரில் எவ்வளவு? எல்லா ஊரிலும் விழுந்த அளவே இங்கும் என்றால் அது காலத்தின் கோளாறு. இங்கே மட்டும் கூடுதலாக விழுந்த பகுதி இந்த நிர்வாகத்தின் கணக்கு.

கேள்வி: டவுன் ஹால் ரோட்டில் தள்ளுவண்டி வைத்திருக்கிறேன். அழகுபடுத்துகிறோம் என்று எழுப்புகிறார்கள். எங்களுக்குச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தெருவோர வியாபாரத்துக்கான நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா, விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் வாங்கினீர்களா என்பதுதான் முதல் வேலை. அட்டை இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு யார் தருவார்கள்?
– கல்லூரி மாணவி, தெப்பக்குளம்

தகவல் உரிமைச் சட்டம் தரும். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மழுப்பினால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

பலர் தோற்பது கேள்வி கேட்கும் விதத்தில். "ஏன் ரோடு போடவில்லை?" என்று எழுதினால் "தகவல் இல்லை" என்று வரும், சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கத்தைத் தராது. இப்படி எழுதுங்கள்: "வார்டு இத்தனையில், இந்தத் தெருவில், 2022 ஏப்ரல் முதல் நடந்த பணிகளின் ஒர்க் ஆர்டர் நகல், அளவுப் புத்தக (முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து பதியும் புத்தகம்) பக்கங்களின் நகல், பட்டுவாடா செய்த பில் நகல், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி." ஒரு மனுவில் ஒரு தெரு போதும். நூறு வார்டையும் ஒன்றாகக் கேட்டால் பக்கக் கட்டணமே உங்களை விரட்டிவிடும். பணியை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் மாதிரி எடுக்கவும் அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில் உரிமை உண்டு; இதை யாரும் பயன்படுத்துவதில்லை.

குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தை விடாதீர்கள். அந்தக் காலத்துக்குள் ரோடு பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். வைப்புத்தொகை மாநகராட்சியிடம்தான் இருக்கும். கேட்க ஆளில்லாமல் நாள் முடிந்து, வைப்புத்தொகை திரும்பப் போய், அதே ரோட்டுக்குப் புது டெண்டர் வருவது எல்லா ஊரிலும் நடக்கிற கூத்து.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு காகிதம் பார்க்கத்தான் பொறுமை இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?
– வாசகர், சிம்மக்கல்

உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையில், தீர்க்கப்படாத தணிக்கைத் தடைகளின் பட்டியல். எந்த ஆண்டிலிருந்து எத்தனை தடைகள் நிற்கின்றன, இந்த ஆண்டு எத்தனை தீர்ந்தன, எத்தனை புதிதாகச் சேர்ந்தன. பக்கம் அதிகம் என்பார்கள். சுருக்கப் பட்டியலின் நகல் மட்டும் போதும் என்று கேளுங்கள்.